நாலு வாய்ஸ் நோட்டும் நாற்பது சென்ட் ரப்பரும்

1

இன்று எங்கள் கல்யாணம் கழிந்து ஒரு வருஷம். காலையில் வேலைக்குப் போகும்போது பெனிலா மேசைமேல் ஒரு துண்டு கேக்கை மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதைத் தின்றுகொண்டே போனைத் திறந்தேன். கல்லூரியில் என்னோடு மெக்கானிக்கல் படித்த ஒருவன் மார்த்தாண்டத்திலிருந்து இரண்டு கார்களின் படத்தை அனுப்பியிருந்தான். கீழே ஒரே வரி: "மக்கா, இந்த ரெண்டுல எது கொள்ளாம்? பெண்ணு வீட்டுல கேக்காவ."

இப்படி ஒரு கேள்வி வந்தால் எனக்குக் கை நிற்காது. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுத ஆரம்பிப்பேன். இன்று எழுதவில்லை. அவனுக்கு எழுத வேண்டியதை ஊரில் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிவிடலாம் என்று தோன்றியது. எனக்குப் பெருமை தருகிற விஷயம் இதில் ஒன்றுகூட இல்லை.

2

ஷார்ஜாவில் பழைய கார் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் சோதனை நிலையம் இருக்கிறது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் விலை முடிக்கும் முன் வண்டியை எங்களிடம் கொண்டுவருவார்கள். லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்ப்பேன். பெயின்டின் கனத்தை அளக்கும் சின்னக் கருவியைக் கதவு கதவாக வைப்பேன். ஓரிடத்தில் கனம் கூடுகிறது என்றால் அங்கே அடிபட்டிருக்கிறது, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு ஸ்கேனரை மாட்டுவேன். கடைசியில் ஓட்டிப் பார்ப்பேன். அந்தக் கடைசிக்காகத்தான் முந்தைய எல்லாமே. அறிக்கையில் நான்கு தலைப்புகள்: இன்ஜின், சொகுசு, தரம், கொடுக்கிற விலைக்கு உள்ள மதிப்பு.

மேனேஜரிடம் மலையாளம், லிஃப்ட் இயக்கும் பாகிஸ்தான்காரரிடம் இந்தி, வண்டிக்காரனிடம் உடைந்த அரபி, அறைக்கு வந்தால் தாணுவிடம் தமிழ். தாணு பூதப்பாண்டிக்காரன். எங்கள் நிலையத்தில் கவுண்டரில் இருக்கிறான். கல்யாணத்துக்கு முன் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தோம். நான் பேசுகிற தமிழைக் கேட்டு, "ஏலே, உனக்க வாய்க்கும் ஒரு ஸ்கேனர் மாட்டணும்டே" என்பான். நான் காரைப் பார்க்கிற விதத்தைப் பற்றி அவன் சொன்னது வேறு: "நீ அந்த டிக்கியைத் தடவுக மாதிரி ஒருத்தி உன் தலையைத் தடவினா, அன்னைக்கே தாலி கெட்டிருவடே."

சிரித்தேன். உண்மை அதில் இருந்தது.

3

கல்யாணப் பேச்சு வந்தது. பெண்ணுக்கு ஊர் புதுக்கடை. பார்மசி படித்தவள். அப்பா அங்கே பெயின்ட் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீடு மார்த்தாண்டத்துக்கு மேற்கே. தரகர் நல்லவர், இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர். பெனிலாவோடு மூன்று தடவை போனில் பேசினேன். நான் எதையாவது பெரிதாக அளந்தால் "அப்பிடியா?" என்று மெதுவாக இழுப்பாள். அந்த இழுப்பில் நான் அளந்தது பாதியாகச் சுருங்கிவிடும். அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்போதுதான் அம்மை ஒரு நாள் போனில் கேட்டாள்: "மக்களே, உனக்கு எந்த வண்டி பிடிக்கும்?"

எதற்குக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பாதிப் பொய். கார் என்றால் வெள்ளை, கறுப்பு என்று மட்டும் பிரிக்கத் தெரிந்த அம்மை, என் இருபத்தேழு வயதுவரை ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்காதவள், பெண் பார்த்த வாரத்தில் கேட்கிறாள். தெரிந்தது. தெரிந்ததை ஓர் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன். கேள்வி அவ்வளவு நல்ல கேள்வி.

நாலு வாய்ஸ் நோட் அனுப்பினேன். மூன்று வண்டிகள். இரண்டு ஜெர்மன், ஒன்று ஜப்பான்.

முதல் நோட்டு முழுக்க இன்ஜின். முதல் ஜெர்மன் வண்டியில் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும், ஒன்றின் அதிர்வை இன்னொன்று சரிக்கட்டிவிடும், ஓடுகிற இன்ஜின்மேல் காசை நிறுத்தி வைக்கலாம் என்றேன். இரண்டாவது ஜெர்மன் வண்டியில் நாலு சிலிண்டரும் டர்போவும். இழுக்கும், ஆனால் அழுத்தி மிதித்தால் குரல் கரகரக்கும். ஜப்பான் வண்டியில் பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து வேலை செய்யும். வேகத்தில் சிலிர்ப்பு இல்லை, ஆனால் பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூட வண்டி புறப்பட்டது தெரியாது.

இரண்டாவது நோட்டு சொகுசு. இரண்டாவது ஜெர்மன் வண்டியில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பஸ்ஸில் போனால் பாலத்தின் இணைப்பு ஒவ்வொன்றையும் முதுகால் எண்ணலாம், இதில் பின் சீட்டில் இருந்தால் பாலம் வந்ததும் போனதும் தெரியாது என்றேன். மூன்றாவது நோட்டு தரம். கதவு மூடும் சத்தம், தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, தோல் சீட்டின் தையல். தையலில் ஜப்பான்காரனை மிஞ்ச ஆளில்லை. நாலாவது மதிப்பு. புதிதாக எடுத்த ஜெர்மன் வண்டி மூன்று வருஷத்தில் பாதி விலைக்கு இறங்கிவிடும், ஜப்பான் வண்டி அவ்வளவு இறங்காது. நம் ஊருக்கு ஜப்பான்தான் புத்தி, ஆறு சிலிண்டர்தான் ஆசை.

எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு நிமிஷம். கடைசியில், யாரும் கேட்காமலே, சிரித்துக்கொண்டே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: "இந்த மூணுல எது கெடச்சாலும் செரிதான் அம்மா, நான் குறை சொல்லமாட்டேன்."

4

அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பெனிலா கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நாலும் கேட்டேன்," என்றாள்.

"என்ன நாலு?"

"உங்க வாய்ஸ் நோட்டு. நான் மட்டும் இல்ல, வீட்டுல எல்லாரும் சுத்தி இருந்து கேட்டோம். அப்பா கடை நோட்டுல எழுதி எடுத்தாரு. இடையில நிறுத்தி நிறுத்தி, 'பிள்ளே, சஸ்பென்ஷன்னா என்ன?'ன்னு கேட்டாரு. எனக்குத் தெரியல்ல. நெட்டுல பாத்துச் சொன்னேன்."

"பெனிலா, அது நான் சும்மா அம்மைட்ட பேசினது..."

"உங்க அம்மை தரகருக்கு அனுப்பினாவ. தரகர் அப்பாக்கு அனுப்பினாரு. 'பிள்ளைக்க இஷ்டம் இதாக்கும்'னு ஒரு வரியும் சேத்து." கொஞ்சம் நிறுத்தினாள். "இருவத்திரண்டு நிமிஷம். நாம மூணு தடவை பேசினதக் கூட்டினாலும் அவ்வளவு வராது, கேட்டியளா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அப்பா திருவனந்தபுரம் ஷோரூமுக்குப் போனாரு, பஸ்ஸுல. 'வரிசையா ஆறு சிலிண்டர் உள்ளது எது?'ன்னு கேட்டிருக்காரு. குடிக்க வெள்ளம் குடுத்து ஒரு சோபாவுல இருத்தினானுவளாம். ஒரு மணிக்கூர் யாரும் பக்கத்துல வரல்ல. திரும்பி வந்துட்டாரு. வந்து அதையும் நல்லதாத்தான் சொன்னாரு, சோபா கொள்ளாம்னு."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இல்லை.

"எங்க வீட்டுக்குப் பின்னால நாப்பது சென்ட் ரப்பர் உண்டு. விடிய மரத்துல பால் வெட்டிட்டுத்தான் அப்பா கடைக்குப் போவாரு. அதை விக்காரு. புதன்கிழமை பத்திரம், பத்து மணிக்கு டோக்கன். அதுக்கு முந்தி உங்களால ஏதாவது செய்ய முடியுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். முடியல்லன்னா அதையும் சொல்லிருங்க. வாற ஞாயிற்றுக்கிழமை கோயில்ல நமக்கு முதல் கல்யாண ஓலை வாசிப்பாவ. சபை முன்னால எனக்க பேரையும் உங்க பேரையும் சேத்து வாசிக்கதுக்கு முன்னால, நீங்க யாருன்னு எனக்குத் தெரியணும்."

5

முதலில் அம்மையைக் கூப்பிட்டேன்.

"நாம ஒண்ணும் கேக்கல்லியே மக்களே," என்றாள். உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "பிள்ளைக்கு என்ன இஷ்டம்னு அவியதான் கேட்டாவ. நீ சொன்னதை நான் அனுப்பிக் குடுத்தேன். இதுல என்ன தப்பு?"

"அவிய நிலத்த விக்காவ அம்மா."

"உனக்க அக்காளுக்கு நாம செய்யல்லியா? அன்னைக்கு எவன் வந்து வேண்டாம்னு சொன்னான்?"

அக்காவின் கல்யாணத்துக்கு வாங்கிய சின்னக் காரையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். அப்போது கல்லூரி இரண்டாம் வருஷம். நாலு வண்டிகளை ஒப்பிட்டு, கட்டம் போட்டு, மஸ்கட்டில் இருந்த அப்பாவுக்கு அனுப்பினேன். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று இருந்த அப்பா, அதற்காக இன்னும் நாலு வருஷம் அங்கே இருந்தார். அந்த நாலு வருஷத்தை எந்தத் தலைப்பின் கீழும் நான் எழுதியதில்லை.

அடுத்து பெனிலாவின் அப்பா. கடையில் இருந்தார். பின்னால் பெயின்ட் கலக்கும் இயந்திரம் ஆடுகிற சத்தம் கேட்டது.

"மாமா, எனக்கு வண்டி ஒண்ணும் வேண்டாம்."

இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். "செரி மக்களே, செரி. மக்களுக்க மனசு எனக்குப் புரியுது. ஜப்பான் வண்டின்னு நான் நெனச்சது சர்வீஸுக்கு எளிதாட்டு இருக்கும்னுதான். மக்களுக்கு அந்த ஆறு சிலிண்டருல தான் ஆசைன்னா பாப்போம். ஒரு வழி இல்லாமலா போவும்?"

"அய்யோ, அதில்ல மாமா. எதுவுமே வேண்டாம். மெய்யாட்டு."

"நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அப்பிடித்தான் மக்களே சொல்லும்," என்று சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சீதனம் என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் யாரும் வாயில் எடுப்பதில்லை. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பிள்ளைக்கு நீங்க பாத்துச் செய்யுங்க" என்றுதான் பையன் வீட்டார் ஆரம்பிப்பார்கள். அக்காவைக் கட்டிக் கொடுத்த வீட்டார் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். என் அம்மையும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பாள். 'வேண்டாம்' என்ற சொல்லை எத்தனையோ வருஷமாகக் கேட்பதற்கே பயன்படுத்திவிட்டார்கள். ஒருவன் நிஜமாக மறுக்க வந்தால் அவனுக்கென்று ஒரு சொல்லும் மிச்சமில்லை.

6

"வாயால சொன்னா நிக்காதுடே," என்றான் தாணு. "எழுது. நாலு பேரு பாக்க எழுது. உங்க குடும்ப குரூப்பு இருக்குல்லா, அதுல போடு. தரகரையும் மாமனாரையும் அதுல சேத்துட்டுப் போடு. பொறவு எவனும் பிள்ளைக்க மனசு, மண்ணாங்கட்டின்னு வியாக்கியானம் பண்ண முடியாது."

சரியான யோசனை. திங்கட்கிழமை காலையிலேயே எழுதிவிட்டேன். அனுப்பவில்லை. குரூப்பில் அறுபது பேர். சித்தப்பாக்கள், அத்தைகள், அக்காவின் மாமியார். அத்தனை பேர் முன்னால் அம்மை வண்டி கேட்டவளாகிவிடுவாள். அழித்தேன். செவ்வாய்க்கிழமை மறுபடி எழுதினேன், கொஞ்சம் வளைத்து, யாருக்கும் வலிக்காமல். படித்துப் பார்த்தால் இன்னும் பெரிய வண்டி கேட்கிற மாதிரி இருந்தது. அதையும் அழித்தேன்.

அன்று மத்தியானம் ஒரு வெள்ளை வண்டி சோதனைக்கு வந்தது. ஆறு சிலிண்டர். நான் வாய்ஸ் நோட்டில் சொன்ன அதே இனம். ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டு போனேன். பத்து நிமிஷம் போதும், நாற்பது நிமிஷம் ஓட்டினேன். அந்த நாற்பது நிமிஷமும் எனக்குப் புதன்கிழமை நினைவில் இல்லை. இதை நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் இதுவும் நான் எழுதித் தள்ளுகிற அறிக்கைகளில் ஒன்றாகிவிடும்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வேலைக்குள் நுழையும் முன், வாசலில் நின்று, தரகரையும் மாமாவையும் பெனிலாவையும் குரூப்பில் சேர்த்து அனுப்பினேன். "எனக்கு வண்டி வேண்டாம். வாங்கினால் நான் அதில் ஏறமாட்டேன். வாய்ஸ் நோட்டு என் தவறு. அம்மையின் தவறு அல்ல. பெனிலாவின் அப்பா நிலத்தை விற்கக் கூடாது." சுருக்கமாக, வளைக்காமல்.

இங்கே ஒன்பது என்றால் ஊரில் பத்தரை.

பெனிலாவின் பதில் உடனே வந்தது. "பத்தேகாலுக்கு அப்பா ஒப்பு போட்டாச்சு."

நேர வித்தியாசத்தை மறந்துவிட்டேன் என்று அவளுக்கு எழுதினேன். இரண்டு வருஷமாகத் தினமும் அம்மைக்குப் போன் செய்கிறவன் ஒன்றரை மணி நேரத்தை மறப்பானா? அவள் அதற்குப் பதில் எழுதவில்லை. எழுதிய எனக்கே அது ஒட்டவில்லை.

7

குரூப்பில் இரண்டு மணி நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு சித்தப்பா கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார். அதற்குப் பிறகு எல்லாம் தனித்தனிப் போன்களில் நடந்தது. வண்டி வேண்டாம் என்று ஒரு மாப்பிள்ளை சொல்கிறானா? அப்படியானால் அவனுக்கு என்ன கோளாறு?

வியாழக்கிழமை, அஜ்மானில் வேலை பார்க்கும் பெனிலாவின் தாய்மாமன் எங்கள் நிலையத்துக்கு வந்தார். வண்டி ஏதும் கொண்டுவரவில்லை. என்னைத்தான் பார்க்க வந்தார். கையைப் பிடித்துக் குலுக்கி, விடாமல், நரம்பைப் பார்த்தார். "ராத்திரி நல்லா ஒறங்குவீங்களா? மாத்திரை ஏதாவது உண்டா?" என்று கேட்டார். என்னை வெளிச்சத்தில் நிற்க வைத்துக் கண்ணைப் பார்த்தார். பிறகு தாணுவை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார்.

"இவனுக்கு இஞ்ச ஏதாவது தொடர்பு உண்டா? மறைக்கப்பிடாது."

"உண்டு அண்ணாச்சி," என்றானாம் தாணு. "ஆறு சிலிண்டரு."

அவர் சிரிக்கவில்லையாம். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. சந்தை விலையைவிடக் குறைவாக ஒரு வண்டி வந்தால் நானும் முதலில் கருவியை எடுத்துக்கொண்டு அடிபட்ட இடத்தைத்தான் தேடுவேன்.

வெள்ளிக்கிழமை அம்மை அழுதாள். "வாங்கிக்கோ மக்களே. இல்லன்னா உனக்கு சீக்குன்னு ஊரு சொல்லும். நான் எங்கயும் தலைகாட்ட முடியாது. அவியளுக்க நிலமும் போயாச்சு. இனி நீ வேண்டாம்னா அவியளுக்கு என்ன பிரயோஜனம்?"

நிலம் போயாச்சு. அந்த இரண்டு சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நிலம்தான் போய்விட்டதே. போனதைத் திருப்ப முடியாதே. இதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குள் ஒருவன் சொன்னான். அவன் யார் என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு நிமிஷம் பேசியவன்.

பெனிலாவைக் கூப்பிட்டு, "அப்பாக்கு அதுதான் ஆறுதல்னா வாங்கட்டும்," என்றேன்.

"செரி," என்றாள். "ஓலை வாசிக்கட்டும்."

"உனக்கு என்மேல..."

"எனக்கு இப்போ அப்பாவத்தான் பாக்கணும். நிலமும் போயி, கல்யாணமும் நின்னா அவரு தாங்கமாட்டாரு. நீங்க எழுதினீங்கன்னு எனக்குத் தெரியும். எத்தனை மணிக்கு எழுதினீங்கன்னும் தெரியும். ரெண்டையும் வச்சிட்டிருக்கேன். எதை எடுக்கதுன்னு இப்பம் தெரியல்ல."

8

கல்யாணம் நடந்தது. கல்யாணச் சான்றிதழுக்கு முத்திரை வாங்க நாகர்கோவில், சென்னை, டெல்லி, பிறகு இங்கே என்று ஏழு மேசைகள். எந்த மேசையிலும் இந்தக் கல்யாணம் எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. பெனிலா இப்போது இங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். பஸ்ஸில் போகிறாள். நான் கொண்டு விடுகிறேன் என்றால், "பஸ்ஸு சொகமாத்தான் இருக்கு" என்கிறாள். சண்டை இல்லை. என்னோடு சிரிக்கிறாள், கேக் வாங்கி வைக்கிறாள். கார்களைப் பற்றி நான் ஏதாவது ஆரம்பித்தால் மட்டும் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறாள்.

வண்டி ஊரில் எங்கள் வீட்டு ஷெட்டில் துணி மூடி நிற்கிறது. எங்கள் ஊடுவழியில் அதைத் திருப்ப இடம் போதாது. பேட்டரி இறங்காமல் இருக்க வாரத்துக்கு ஒரு தடவை அப்பா ஸ்டார்ட் செய்து அணைக்கிறார். ஏறமாட்டேன் என்று எழுதியவன், விருந்துக்குப் போகும்போது ஏறினேன். நாற்பது சென்டில் ரப்பரை முறித்து, கல் நட்டு மனைகளாகப் பிரித்துவிட்டார்கள்.

படம் அனுப்பிய நண்பனே, உனக்கு இன்னும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன், வண்டி எடுத்த நாள்.

மாமா ஷோரூமிலிருந்து வீடியோ காலில் வந்தார். ஜப்பான் வண்டிதான் எடுத்திருந்தார். போனைப் பிடித்துக்கொண்டு அவர் சுற்றி நடந்ததில் கூரை தெரிந்தது, தரை தெரிந்தது, அவருடைய பெருவிரல் தெரிந்தது. "பெயின்ட் கொள்ளாம் மக்களே. நானும் முப்பது வருஷமா பெயின்ட் விக்கேன். இது நல்ல பெயின்டு," என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே விஷயத்தில் எனக்கு உறுதி சொன்னார். பிறகு கேட்டார்: "செரிதானா? ஏதாவது குறை உண்டுமா?"

அப்போது சொல்ல எத்தனையோ இருந்தது. மன்னிச்சிருங்க மாமா என்று சொல்லியிருக்கலாம். சாப்பிட்டீங்களா என்றாவது கேட்டிருக்கலாம்.

"மாமா, அந்தப் பின் சீட்டை ஒண்ணு காட்டுங்க," என்றேன்.

அவர் கதவைத் திறந்தார். உள்ளே ஏறிக் காட்டப் பார்த்தார். போன் கையில் நிற்கவில்லை. சட்டென்று படம் ஆடாமல் நின்றது. வேறு யாரோ போனை வாங்கியிருந்தார்கள். பெனிலா. அவள் முகத்தைக் காட்டவில்லை. கதவோரத்தைக் காட்டினாள், மூடும் சத்தம் கேட்க ஒரு தடவை மூடித் திறந்தாள், தகட்டின் இடைவெளியில் நிதானமாக நகர்ந்தாள், பிறகு தோல். வாய்ஸ் நோட்டில் நான் சொன்ன அதே வரிசையில். கடைசியில் பின் சீட்டு முழுவதையும் காட்டினாள். நடுவில் அவள் அப்பா இருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, முதுகு தோலில் படாமல், நிமிர்ந்து இருந்தார்.

"சாஞ்சு இருங்கப்பா," என்றாள்.

"வேண்டாம் பிள்ளே. சட்டையில பெயின்ட் இருக்கும். இது மாப்பிளைக்கு உள்ளதாக்கும்."

அவர் சாயவில்லை. பெனிலா போனை நகர்த்தவில்லை. நான் பார்க்கட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் விரலால் படத்தைப் பெரிதாக்கி, அவர் தோளுக்குப் பின்னால் தெரிந்த தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.